பல்பு அண்ணனும் சாமி கும்பிட்டால் நிற்கிற லாரியும்

திருச்சியில் அந்தக் காலத்தில் ஓடிய லாரிகளில் பாதி டீசலில் ஓடவில்லை. பல்பு அண்ணனின் பெருமூச்சுக்குப் பயந்து ஓடின. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தப் பெருமூச்சைக் கேட்டதில்லை. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்துவார்கள். அவர் அதை மேலும் கீழும் பார்ப்பார். அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சை மேலே கொண்டுவந்து, கொஞ்ச நேரம் நெஞ்சில் நிறுத்திவைத்து, மெதுவாக விடுவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து கெட்ட சேதி வந்தவர்கூட அப்படி மூச்சு விடமாட்டார். சில லாரிகள் வெட்கப்பட்டு அங்கேயே ஸ்டார்ட் ஆனதுண்டு.

அவர் லாரி எலக்ட்ரீஷியன். அரியமங்கலம் போகிற வழியில் வரிசையாகத் தகர ஷெட்டுகள் இருந்தன. கடைசி ஷெட் அவருடையது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒயர் தொங்கும் ஒரு சின்ன பல்பை, டாக்டர்கள் குழாயை மாட்டிக்கொள்வதுபோல் எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பார். ஒயரில் கரண்டு வருகிறதா என்று பார்க்கிற பல்பு அது. அதனால் பல்பு அண்ணன். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா, மாட்டாரா என்பதில் ஷெட்டுக்காரர்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது.

கழுத்தில் பல்பு என்றால் கையில் ஸ்டூல். எங்கே போனாலும் அந்த மர ஸ்டூல் கூடவே போகும். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். ஒருமுறை கேட்டேன். "நின்னா அலுப்பா இருக்குப்பா. நல்லா சாஞ்சு உக்காந்தா தூக்கம் வந்துடுது. ஸ்டூல்தான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு" என்றார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆராய்ச்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனை அலுப்புக்கு நடுவில் அவருக்கு உயிர் வருகிற நேரம் ஒன்று உண்டு. ஒயரும் ஒயரும் முறுக்கிச் சேர்த்திருக்கிற இடத்தில் டேப்பைப் பிரித்துப் பார்க்கிற நேரம். முறுக்கைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார். ஒருத்தன் இடது பக்கமாக முறுக்குவான், ஒருத்தன் பல்லால் கடித்து உரிப்பான், ஒருத்தன் டேப்பைத் துணிக்கட்டு மாதிரி சுற்றுவான். எல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்டுபிடித்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஷெட் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த ஆளின் பேரைச் சொல்லி அறிவிப்பார். அவர் நிற்பது அப்போது மட்டும்தான். கறிக்கடையில், டீக்கடையில், சாவு வீட்டில்கூட அந்த ஆளை மறுநாள் விசாரிப்பார்கள்.

இதில் அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஒருதடவை தஞ்சாவூர் வண்டி ஒன்றில் டேப்பைப் பிரித்தவர் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, இது என் கைதான், காய்ச்சலோடு செய்தேன், காய்ச்சல்காரனுக்கு என்ன வேலை, படுத்துக் கிடக்க வேண்டியதுதானே என்று தன்னையே திட்டிவிட்டு இறங்கினார். அன்று டீகூடக் குடிக்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

நான் யார் என்று கேட்பீர்கள். பெரிய ஆள் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் என்னைத் துரத்துவதற்குள் நானே முந்திக்கொண்டு வெளியே வந்தவன். எழுத்துக்கூட்டிப் படித்து லைசென்ஸ் வாங்கி, முசிறிப் பக்கத்து வாழைத்தார் வியாபாரி ஒருவரிடம் டிரைவராக இருந்தேன். தோட்டத்தில் தார் ஏற்றி, டோல்கேட் வந்து, கொள்ளிடம் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, காவிரிப் பாலம் ஏறி, காந்தி மார்க்கெட்டில் இறக்கவேண்டும். எண்பதுகளின் நடுவில், ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்த சமயம், முதலாளி ஒரு புது வண்டி வாங்கினார். ஜப்பான்காரனோடு கூட்டு வைத்து வந்த சின்ன லாரி. மூக்கு இல்லாமல் தட்டையாக, சிரித்த முகமாக இருக்கும். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

பழைய லாரியை நிறுத்த ஒரு குமிழைப் பிடித்து இழுக்கவேண்டும். அது டீசல் பம்ப்பின் கழுத்தை நெரிக்கும், வண்டி நிற்கும். புது வண்டியில் குமிழ் கிடையாது. பம்ப்பின் தலையில் சோலனாய்டு என்று ஒரு சின்னக் குப்பி. சாவியைத் திருப்பினால் அதற்குக் கரண்டு போகும். அது வாயைத் திறக்கும், டீசல் போகும். கரண்டு நின்றால் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு நேர் எதிர். நான் எந்தக் கரண்டும் இல்லாமலே வாயைத் திறந்து வைத்திருப்பவன்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி பக்தி மிகுந்தவர். வண்டிக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, எங்கள் எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே டிரைவர் சீட்டுக்கு எதிரே ஒரு பெரிய சாமி படம் மாட்டினார். அதைச் சுற்றி மின்னி மின்னி எரியும் சீரியல் பல்பு. பார்க்க அமோகமாக இருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதலில் குணசீலம் திரும்புகிற இடத்தில் நின்றது. பிறகு டோல்கேட்டில். பிறகு கொள்ளிடம் பாலத்தில். போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று உயிர் போய்விடும். தார் சுமையோடு வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பிறவி என்பது எவ்வளவு நீளமானது என்று. ஓரம் கட்டி, கேபினை முன்பக்கம் கவிழ்த்து, கை பம்ப்பை அமுக்கி டீசல் லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றி, கேபினைத் திரும்பச் சாத்தி, சாவியைப் போட்டால் கிளம்பிவிடும். அதனால் மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: ஏர் லாக். குழாயை மாற்றினார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். பம்ப்பையே கழற்றி சோதனை மேசையில் வைத்து ஓட்டினார்கள். அங்கே அது நல்ல பிள்ளையாக ஓடியது. கரண்டாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். கரண்டு போயிருந்தால் சாமி படத்தில் பல்பு எரியுமா என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தான். வண்டி செத்தாலும் சாமிக்கு விளக்கு மட்டும் அணைந்ததே இல்லை.

முதலாளி வேறு முடிவுக்கு வந்தார். வண்டி நிற்கிற இடமெல்லாம் கோயில் பக்கமாகவே இருப்பதை அவர் கவனித்துவிட்டார். "நீ சுத்தபத்தமா இல்லப்பா. அதான் சாமி நிறுத்துது" என்றார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். சுத்தபத்தம் என்று பார்த்தால் என்மேல் கொஞ்சம் பாக்கி இருந்தது உண்மைதான். அன்றிலிருந்து மீனை விட்டேன். பீடியை விட்டேன். விடிகாலையில் காவிரியில் முழுகி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். வழியில் கோபுரம் தெரிந்தால் முன்பு அவசரமாகத் தொட்டுக் கும்பிட்ட படத்தை, இப்போது நன்றாக அழுத்தித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வண்டி முன்னைவிட அதிகமாக நின்றது. நான் இன்னும் உருகினேன். அது இன்னும் நின்றது. இப்படி ஒரு பக்தனும் ஒரு லாரியும் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஒருநாள் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று, பின்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் தேங்கி, தார் மார்க்கெட் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்துவிட்டது.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லால்குடியில் ஒரு டிரைவரிடம் பேசிவைத்திருப்பதாகவும், இன்னும் ஒருதடவை வண்டி நின்றால் நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றும் சொன்னார். வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். வண்டி ஓட்டுவது தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அதுவும் தெரியாது என்று சொல்பவர்கள் இருந்தார்கள்.

கடைசி நம்பிக்கையாக பல்பு அண்ணனிடம் போனேன். முதலாளியும் பின்னாலேயே பஸ் ஏறி வந்தார். கூட அந்த லால்குடிக்காரர், தோளில் துண்டோடு. சாவி கைமாறுகிற இடத்திலேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தார் போல. அவர்மேல் தப்பில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது.

பல்பு அண்ணன் வண்டியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். வண்டியைத் தொடவில்லை. ஸ்டூலை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தார்.

"சாகும்போது எப்படிச் செத்துச்சு? இருமி இருமிச் செத்துச்சா, பட்டுனு செத்துச்சா?"

"பட்டுன்னுதாண்ணே. சுவிட்சை அணைச்ச மாதிரி."

"டீசல் வரலேன்னா இருமும்ப்பா. இழுத்துக்கிட்டுக் கிடந்துதான் போகும். பட்டுனு போனா அது கரண்டு. இத்தினி பேரு பாத்தீங்களே, ஒருத்தனும் கேக்கலியா?"

ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் எழுந்து, பம்ப்பின் தலையில் இருந்த குப்பியில் ஒரு நீள ஒயரை மாட்டி, அதைக் கேபினுக்குள் கொண்டுவந்து தன் கழுத்துப் பல்போடு சேர்த்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். அவர் நெஞ்சில் பல்பு எரிந்தது. ஓட்டு, எங்கே நிற்கிறதோ அங்கே போகலாம் என்றார். சீட்டில் உட்காருங்கள் என்றேன். கேட்காமல், அந்தச் சின்னக் கேபினுக்குள் ஸ்டூலை நெருக்கி நுழைத்து, முழங்கால் மோவாயில் இடிக்க அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பட்டப்பகலில், நெஞ்சில் விளக்கு எரிய, ஒரு மனுஷரை ஏற்றிக்கொண்டு நான் திருச்சி வழியாகப் போனேன். மார்க்கெட் பக்கம் ஒரு பூக்காரம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டது. அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படித் தெரிந்தது.

காவிரிப் பாலம் ஏறினோம். எதிரே ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் சாரமும் தெரிந்தன. இன்று மட்டும் நின்றுவிடாதே தாயே, தகப்பனே என்று வழக்கத்தைவிட உருகி, படத்தை நன்றாகத் தொட்டு அழுத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வண்டி செத்தது. அவர் நெஞ்சில் பல்பும் அணைந்தது.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இப்ப என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. சாமி கும்பிட்டேன்."

"இன்னொருவாட்டி கும்பிடு."

தொட்டேன். பல்பு எரிந்தது. மறுபடி தொடச் சொன்னார். அணைந்தது. மறுபடி. எரிந்தது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, பாலத்தின் நடுவில் நான் அந்தப் படத்தைத் தொடுவதும் கண்ணில் ஒற்றுவதுமாக இருந்தேன். நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்ரீரங்கத்துப் பெரியவர் நின்று பார்த்து நெகிழ்ந்துபோனார். "இந்தக் காலத்துல இப்படிச் சேவிக்கிறவா இருக்காளே. பெருமாள் கைவிடமாட்டார்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் படத்தை மெதுவாகக் கழற்றினார். பின்னால் பார்த்தார். பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. சீரியல் பல்புக்குக் கரண்டு வேண்டும் என்று கையில் அகப்பட்ட ஒரு ஒயரை அறுத்து, அதோடு முறுக்கியிருந்தது. அகப்பட்ட ஒயர், பம்ப் குப்பிக்குப் போகிற ஒயர். படத்தைத் தொட்டால் அது அசையும், முறுக்கு விலகும், பம்ப் வாயை மூடிக்கொள்ளும். சாமி பல்பு மட்டும் பேட்டரிப் பக்கத்துத் துண்டில் இருந்ததால் எரிந்துகொண்டே இருக்கும். கேபினைக் கவிழ்த்துச் சாத்துகிற அதிர்ச்சியில் முறுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பேர் வாங்குவது ஏர் லாக். அவசரமாகக் கும்பிட்டால் தப்பிக்கலாம், உருகிக் கும்பிட்டால் நின்றுவிடும். நான் மீனை விட்டதெல்லாம் வீண்.

அது மட்டுமில்லை. அந்த முறுக்கின் மேல் டேப் இல்லை. வாழைநார் சுற்றியிருந்தது. ஈரமாக இருக்கும்போது இறுக்கிக் கட்டி, காய்ந்ததும் தொளதொளத்துப்போன நார். மாலை கட்டுகிற மாதிரி அழகான முடிச்சு. ஆயுத பூஜையன்று எங்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து முதலாளி கட்டிய முடிச்சு.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பாலம் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். அண்ணன் அந்த ஒயர்களைத் தற்காலிகமாகச் சேர்த்து டேப் சுற்றினார். வண்டியைத் திருப்பினேன். ஷெட்டுக்குப் போனதும் அவர் ஸ்டூல் மேல் ஏறி, அரியமங்கலமே கேட்கிற மாதிரி சொல்லவேண்டும், நான் சுத்தபத்தமானவன்தான் என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்று வழியெல்லாம் கெஞ்சினேன்.

அவர் நாரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

"உன் மொதலாளி எப்படிப்பட்ட ஆளு?"

நல்லவர்தான் என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல் ஒரு கதையையும் சொன்னேன். அவருடைய வேட்டி பின்னால் கிழிந்திருக்கிறது என்று நல்ல எண்ணத்தில் காதோடு சொன்னான் அவரிடம் வேலை பார்த்த ஒருத்தன். முதலாளி வேட்டியை மாற்றிக்கொண்டார். அடுத்த வாரம் அவனையும் மாற்றிவிட்டார். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கிழிசல் ஞாபகம் வருகிறதாம். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"சரிப்பா. ஸ்டூல் மேல ஏறி நான் சொல்லிடறேன். நாளைக்கு நீ எந்த வண்டியில ஏறுவ?"

எனக்குச் சிரிப்பு நின்றது. அது இருமாமல், பட்டென்று நின்றது.

ஷெட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன் வண்டியோடு போனார் என்றால் ஒரு பேரோடு திரும்புவார் என்று வரிசைக்கே தெரியும். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். லால்குடிக்காரர் துண்டை மறு தோளுக்கு மாற்றினார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார், என்ன, இவன் ஏதாவது நோண்டிவைத்திருக்கிறானா என்று.

அண்ணன் ஸ்டூலைக் கீழே வைத்தார். அதன் மேல் ஏறவில்லை. உட்கார்ந்தார். நான் கேட்டதிலேயே நீளமான பெருமூச்சு ஒன்றை விட்டார்.

"எலிங்க" என்றார். "எலி கடிச்சிருக்கு."

வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியாத எலக்ட்ரீஷியன்கள்தான் எலியைச் சொல்வார்கள். தன் காய்ச்சலைக்கூட ஊருக்கு அறிவித்த மனுஷன் வாயில் எலி வந்ததை அவர்களால் தாங்க முடியவில்லை. "அண்ணே, எந்த எலின்னு பேரு சொல்லலியே" என்று பக்கத்து ஷெட்டுக்காரர் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்து, டேப்பைத் தேடுகிறமாதிரி பெட்டியைத் துழாவினார். வாழைநார் அவர் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு மட்டும் அதன் நுனி தெரிந்தது.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலைக்கோட்டைப் பக்கம் கைகூப்பினார். "பிள்ளையார் வாகனம். ஏதோ சோதனை பண்ணிருக்காரு. அதை ஒண்ணும் சொல்லப்படாது" என்றார். என் தோளில் தட்டி, பயப்படாமல் ஓட்டு என்றார். லால்குடிக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார். அண்ணன் பம்ப் ஒயரைச் சுத்தமாகச் சேர்த்து, சாமி பல்புக்குத் தனியாக வேறு ஒயர் இழுத்துக் கொடுத்தார். இனி எவ்வளவு உருகினாலும் வண்டி ஓடும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஓடியது. அந்த வண்டியில் நான் வெகுகாலம் இருந்தேன். என் பெண் அந்த வண்டியில்தான் முதன்முதலில் ஸ்கூலுக்குப் போனாள், வாழைத்தாருக்கு நடுவில் உட்கார்ந்து.

ஆனால் அந்த வரிசையில் பல்பு அண்ணன் என்ற பேர் அன்றோடு போயிற்று. எலி அண்ணன் ஆகிவிட்டார். யார் ஜாயின்ட்டையாவது பிரித்து அவர் ஸ்டூல் மேல் ஏறினால், கீழேயிருந்து யாராவது 'கீச்' என்பார்கள். கொஞ்ச நாளில் அவர் ஏறுவதையே விட்டுவிட்டார். உட்கார்ந்தபடியே வேலை பார்த்தார். யார் கை என்று கண்டுபிடித்தாலும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஊரில் பல பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு போய், உண்மையைச் சொல்லிவிடட்டுமா, இத்தனை பேர் கேலி பண்ணுகிறார்களே என்று கேட்டேன்.

"சும்மா இருப்பா. அத்தினி உயரம் ஏறி எறங்குறதுக்கும் அலுப்பாத்தான் இருந்துச்சு" என்றார். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்.

இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அரிசி மூட்டையைக் கடித்துவிட்டது, அலமாரிக்குள் குட்டி போட்டுவிட்டது, ஒரு எலிப்பொறி வாங்கி வாருங்கள் என்று மனைவி வருஷக்கணக்காகச் சொல்கிறாள். இருந்துட்டுப் போகட்டும், விடு என்கிறேன்.